உப்பு பார்க்கச் சொன்னவர்

செய்தி வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை, பால் காய்ச்சி இறக்கிவிட்டுக் கைபேசியை எடுத்தேன். பள்ளி வாட்ஸப் குழுவில் முந்தைய நாள் மாலை வியாகுலம் சார் போட்டிருந்த செய்தி முதலில் கண்ணில் பட்டது. "பேய்க்கணவாய் பஸ் ஏறிட்டு. நாளைக்கு சேலம், நாளன்னைக்கு சட்டி. இந்த வாட்டி ஒருத்தரும் தப்பிக்க முடியாது." அதற்குக் கீழே நான் போட்ட பதில். "சனிக்கிழமை எனக்கு விரதம் சார், உங்களுக்குத் தெரியாததா?" அதற்கு அவர், "தெரியும் டீச்சர். உங்க பங்க ஞாயித்துக்கெழம வரைக்கும் ஐஸ்ல வைக்கேன்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துச் சிரித்தபடியே விரலை நகர்த்தினேன். அடுத்த செய்தி தலைமையாசிரியை போட்டது. நம் உடற்கல்வி ஆசிரியர் வியாகுலம் இரவு தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார் என்று இருந்தது. சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் பள்ளியின் இந்த மலரைப் படிப்பீர்கள். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். நாலு என்ன, நாற்பது எழுதலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் நல்ல வார்த்தைகளுக்கு முன்னால் குற்ற உணர்ச்சி வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. கணக்கு டீச்சர் பூங்கொடிக்கு எப்போதும் கறாரான பேச்சுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். இந்த முறை கறார் என்மேல்தான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவருடையது. ஏற்காட்டு மலையில் இருக்கிற நம் நாகலூருக்கு வேலை போட்டபோது ஒரு வருடத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று வந்தவர். சேலத்துப் பெண் ஸ்டெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கழுத்தில் மஃப்ளர், காலில் ஓட்டப் பந்தயத்து ஷூ, வாயில் விசில், இந்தக் கோலத்தில்தான் மூடுபனிக்குள்ளிருந்து வெளிப்படுவார். நம் மைதானம் ஒரு பக்கம் சரிந்திருப்பது உங்களுக்குத் தெரியும். பந்து உருண்டு எஸ்டேட்டுக்குள் போனால் பாதிப் பிள்ளைகள் அதைத் தேடிக் காப்பிச் செடிக்குள் நுழைந்துவிடுவார்கள். "தரை சாஞ்சிருந்தா என்ன, நான் போடுத கோடு நேராத்தான் இருக்கும்" என்பார். உண்மையிலேயே நேராக இருக்கும்.

பத்தாம் வகுப்புப் பாடம் முடியவில்லை என்று ஒவ்வொரு வருடமும் அவருடைய விளையாட்டுப் பீரியடை நான் பிடுங்கிக்கொள்வேன். கேட்பதுகூட இல்லை. சாக்பீஸோடு போய் வகுப்பு வாசலில் நின்றால் அவரே விலகிக்கொள்வார். "எடுத்துக்கிடுங்க டீச்சர். பிள்ளைய ஓடித்தான் மூச்சு வாங்கணுமா, உங்க கணக்கப் போட்டும் வாங்கட்டும்" என்பார். பிள்ளைகள் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்ப்பார்கள். "ஒரு நா எனக்கும் ஒரு பீரியடு திருப்பித் தாங்க, என்னா?" என்று ஒருமுறை கேட்டார். அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். அந்த வாரம் அவர் இருந்தவரை வரவில்லை.

பேய்க்கணவாய்க் கதையை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அதை நாங்கள்தான் சொல்வோம். இருந்தாலும் முழுதாக ஒருமுறை எழுதிவைக்கிறேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓய்வறையில் எழுந்து நின்று, "வார சனிக்கிழம பேய்க்கணவாய். எல்லாரும் காலையிலேயே நம்ம வீட்டுக்கு வந்துருங்க" என்றார். அவர் ஊரில் கணவாய் என்றால் கடலில் பிடிக்கிற ஒரு பிராணி. பேய்க்கணவாய் என்றால் எட்டுக் கையோடு இருக்குமே, ஆக்டோபஸ், அது. மலைக்காரர்களான எங்களுக்கு அது எப்படித் தெரியும்? எங்களுக்குக் கணவாய் என்றால் இரண்டு மலைக்கு நடுவே போகிற வழி. சேலத்திலிருந்து தர்மபுரி போகிற பாதையில் இருக்கிறதே தொப்பூர்க் கணவாய், அந்த மாதிரி. ஏதோ பேய் உலாவுகிற கணவாய்க்கு எங்களைச் சுற்றுலா கூட்டிப்போகிறார் என்றே எல்லாரும் நினைத்தோம்.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு மிளகுக் கொடியும் காப்பிச் செடியும்தான் உலகம். இந்த மலையில் அவர் கால் படாத இடம் கிடையாது. "எந்தக் கணவாயிங்கறாரு உங்க சாரு? இந்த மலையில எனக்குத் தெரியாம ஏது கணவாய்? தொப்பூரா இருந்தா அங்க லாரி லாரியாக் கவுருது. பேயி இருந்தாலும் இருக்கும், பாத்துப் போய்ட்டு வா" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கைப்பைக்குள் போட்டு அனுப்பினார். அப்போது இருந்த தலைமையாசிரியை எல்லாருக்குமாகப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தார். தமிழையா கையில் டார்ச் லைட்டும் ஒரு கழியும் இருந்தன. சார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு வாசலுக்கு வந்தார்.

"என்ன, எல்லாரும் மூட்ட முடிச்சோட வந்திருக்கிய?"

"எப்பங்க சார் கெளம்பறது?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"எங்க?"

"பேய்க்கணவாய்க்குங்க."

அவர் எங்களையும் தமிழையாவின் கழியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களைப் பின்வராந்தாவுக்குக் கூட்டிப்போய் அங்கே இருந்த தெர்மாக்கோல் பெட்டியின் மூடியைத் திறந்தார். "இந்தா, இங்கனதான கெடக்கு." ஐஸுக்குள் சாம்பல் நிறத்தில், கைகளைச் சுருட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு அது கிடந்தது. தலைமையாசிரியை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. சார் சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதையை நாங்கள் எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவோம். எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கு அப்புறம் நடந்தது சிரிக்கிற மாதிரி இல்லாததால் யாரும் சொல்வதில்லை. மத்தியானம் நாங்கள் அவர் வீட்டு முன்வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து எங்கள் புளிச்சோற்றைப் பிரித்தோம். அவரும் மரியாதைக்கு ஒரு பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பின்பக்கத்தில் அதற்குள் அவர் எங்களுக்காகச் சமைத்துவைத்திருந்த சட்டி அடுப்பிலேயே இருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ அந்தப் பெட்டி வரும். ஊரில் படகு வைத்திருக்கும் அவர் தம்பி பஸ்ஸில் போட்டு அனுப்புவார். சார் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் சேலம் இறங்கி எடுத்து வருவார். ஞாயிறு அவருக்கு மாதா கோயில். அதனால் சமையல் எப்போதும் சனிக்கிழமைதான். எங்கள் வீட்டில் சனிக்கிழமை சேர்வராயன் சாமிக்கு உரிய நாள், கவிச்சி தொடமாட்டோம். இது கொட்டச்சேட்டில் என் பிறந்த வீட்டிலும் உண்டு, நாகலூரில் புகுந்த வீட்டிலும் உண்டு. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் சாமியை நான் நன்றாக வேலை வாங்கிக்கொண்டேன். பெட்டி ஒரு திங்கட்கிழமை வந்திருந்தால் எனக்கு வேறொரு சாமி தேவைப்பட்டிருக்கும்.

ஸ்டெல்லா அதைச் சமையலறைக்குள் விடமாட்டார். "எனக்குக் கழுத்த நீட்டுனவ, இதுக்கு வாய நீட்ட மாட்டேன்னுட்டா" என்று சார் கேலி செய்வார். அதனால் பின்வராந்தாவில் தகரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்து அடுப்பு. கடைக்குப் போகிற வழி அது என்பதால் சனிக்கிழமைகளில் நான் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். அவர் சமைப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தலையைக் கையுறை மாதிரி உள்வெளியாகத் திருப்பி, மைப்பையை உடையாமல் எடுப்பார். கண்ணையும் நடுவில் இருக்கிற அலகையும் அரிந்து எறிவார். கல்லுப்பைப் போட்டு வழவழப்புப் போகிறவரை தேய்த்து, பல தண்ணீரில் அலசுவார். பிறகு வெறும் சட்டியில் போட்டு மூடி, தீயைக் குறைத்துவிட்டு என்னோடு ஊர்க்கதை பேச ஆரம்பிப்பார்.

"தண்ணி ஊத்தலீங்களா சார்?" என்று முதல் தடவை கேட்டேன்.

"ஊத்தக் கூடாது டீச்சர். அது தண்ணிக்குள்ளேயே கெடந்தது. நாம பொறுத்தா அதுவே தண்ணி விடும். அவசரப்பட்டு ஊத்திட்டோம்னு வைங்க, எஞ்செருப்புத் தோல நீங்க கடிச்ச மாதிரி இருக்கும்."

சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள் செந்நிறமாகத் தண்ணீர் கூடியிருக்கும். எட்டுக் கைகளும் பூ மாதிரிச் சுருண்டிருக்கும். அது வெந்த பிறகுதான் நறுக்குவார். வேறொரு சட்டியில் நல்லெண்ணெய், வெங்காயம், நிறையப் பூண்டு. பழுத்த தக்காளியாகப் பார்த்துக் கையாலேயே பிசைந்து போட்டு, எண்ணெய் பிரிகிறவரை வதக்குவார். மிளகாய்த்தூள் போட்டு, எங்கள் தோட்டத்து மிளகைத் தட்டிப்போட்டு, நறுக்கின துண்டுகளை அதன் தண்ணீரோடேயே கொட்டிச் சுண்டவிடுவார். தக்காளிக் குழம்பு துண்டுகளைப் பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். கடைசி வரைக்கும் உப்பு போடமாட்டார். "கடல்லருந்து எவ்வளவு உப்பக் கொண்டாந்திருக்குன்னு நமக்கு என்ன தெரியும்? ஒரு சொட்டு கையில விட்டுப் பாத்துட்டுத்தான் போடணும்" என்பார்.

அந்தக் கடைசி நேரம் வந்ததும் கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி ஆறவைத்து என் பக்கம் நீட்டுவார். "உப்பு மட்டும் பாருங்க டீச்சர்."

"சனிக்கெழமைங்க சார்."

"அட, ஆமா" என்று அவரே உள்ளங்கையில் விட்டு நக்கிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் இது நடக்கும். ஒவ்வொரு முறையும் அவர் நீட்டுவார், நான் கிழமையைச் சொல்வேன், அட ஆமா என்பார். அவருக்கு இது மட்டும் மறந்துபோகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் பெயரையும் அவரவர் அப்பன் பெயரோடு சொல்லக்கூடிய மனிதருக்கு என் விரதம் மட்டும் எப்படி மறக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை மிச்சத்தை டிபன் பாக்ஸில் கொண்டுவருவார். ஓய்வறையில் அதைத் திறந்தவுடன் யாராவது எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார்கள். எல்லா முறையும் ஒரே ஆள் திறக்கவில்லை. நாங்கள் முறை வைத்துத் திறந்தோம் என்றுதான் சொல்லவேண்டும். அதற்கப்புறம் அவர் மைதானத்து ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கினார். காற்றோட்டமாக இருக்கிறது என்று எங்களிடம் சொன்னார். நாங்களும் நம்பினோம், நம்புவது வசதியாக இருந்தது.

இந்த மே மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. சால்வை, மாலை, பிரிவு உபசாரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "எனக்கு ஒன்னே ஒன்னு செய்ங்க. ஒரு சனிக்கிழம எல்லாரும் வந்து எங்கையால ஒரு வாய் சாப்புடுங்க. பிடிக்கலைன்னா துப்பிருங்க, நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்." அதற்காகத்தான் தம்பியிடம் பெரிய பெட்டியாகச் சொல்லியிருந்தார். அதற்குத்தான் ஞாயிறு வரை ஐஸில் வைக்கிறேன் என்று எனக்கு எழுதினார்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மஃப்ளர் இல்லாமல் அவர் கழுத்தைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. ஸ்டெல்லா அழவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அப்போது சாரின் கைபேசி அடித்தது. பக்கத்தில் இருந்ததால் நான் எடுத்தேன்.

"ஏனுங்க, வியாகுலம் சாருங்களா? சேலம் பஸ் பார்சல் ஆபீசுல இருந்து பேசறமுங்க. உங்க பெட்டி வந்திருச்சு. தண்ணியா ஒழுகுதுங்க, பக்கத்து மூட்டையெல்லாம் நனையுது. சட்டுனு வந்து எடுத்துக்கங்க."

"சாரு இல்லீங்க" என்றேன்.

"எப்பங்க வருவாரு?"

யாராவது வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தார். "அதுங்களா? அது வந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அப்போதுதான் உடைந்து அழுதார். கொஞ்சம் அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தூக்கி எறிஞ்சிரச் சொல்லாதீங்க டீச்சர். ஒரு மாசமா அதே பேச்சுங்க அவருக்கு. எங்க ஊட்டுல இப்ப அடுப்புப் பத்த வெக்கக் கூடாது. நீங்க பக்கத்துல நின்னு பாத்திருக்கறீங்க. உங்க ஊட்டுல வெச்சு எப்படியாச்சும்..." சரிங்க என்று நான் தலையை ஆட்டினேன்.

முருகேசன்தான் சேலம் போனார். மே மாதத்து மலைப்பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி சுற்றுலா வண்டிகள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டி முழுக்க நனைந்து வந்து சேர்ந்தார். ஏற்காடு பஸ் நிறுத்தத்தில் ஜூஸ் கடை பாய் பெட்டியைப் பார்த்ததும், "சாரோடதுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் கடை ஐஸையெல்லாம் அதில் கொட்டி மூடினாராம்.

மறுநாள் காலை அடக்கம். ஊரிலிருந்து அவர் தம்பி வந்திருந்தார். கல்லறையில் சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். குழியில் மண் விழுகிற சத்தம் கேட்டது. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஐஸ் தாங்குமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடம் பக்கத்து அறையில் வேலை பார்த்த மனிதரை மண்ணுக்குள் இறக்குகிறார்கள், என் மனசு ஒரு தெர்மாக்கோல் பெட்டியில் இருந்தது. திரும்பும்போது தம்பி பக்கத்தில் வந்து, "பெட்டி வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "கெட்டுப்போவ விட்டுராதிய. அண்ணன் ஆசப்பட்டுக் கேட்டது" என்றார். அவர் மனசும் அங்கேதான் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை தாங்காது. இன்றைக்கே சமைத்தாகவேண்டும் என்றதும் முருகேசன் முகத்தைச் சுளித்தார்.

"சனிக்கெழமையும் அதுவுமாவா? ஊட்டுக்குள்ள வேண்டாம் புள்ள."

"நான் திங்கப் போறதில்லீங்க. ஆக்கத்தான் போறேன்."

பின்னால் மிளகு காயப்போடுகிற களத்தின் ஓரமாகக் கல் கூட்டினேன். அதைக் கழுவும்போது முதலில் கை கூசியது. கண்ணை எடுக்கும்போது என் கண்ணை மூடிக்கொண்டேன். நல்லவேளை, மைப்பை உடையவில்லை. வெறும் சட்டியில் போட்டு மூடினேன். சட்டி காய்ந்தது, தண்ணீர் வரவில்லை. அடிப்பிடிக்கிற வாசனை லேசாக வந்தது. அவருடைய கடைசிப் பெட்டி, கருக்கிவிட்டால் ஸ்டெல்லா முகத்தில் எப்படி விழிப்பேன்? சொம்பில் தண்ணீரை மொண்டு சட்டிக்கு மேலே கொண்டுபோய்விட்டேன். நாம பொறுத்தா அதுவே தண்ணி விடும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வர, சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தீயை இழுத்தேன். மறுபடி மூடியைத் திறந்தபோது சட்டிக்குள் செந்நிறத்தில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. துக்க வீட்டிலும் வரவில்லை, கல்லறையிலும் வரவில்லை.

மற்றதெல்லாம் கை தானாகச் செய்தது. நின்று வேடிக்கை பார்த்த அத்தனை சனிக்கிழமைகளும் கைக்குள் இருந்திருக்கின்றன. தக்காளி வதங்கி எண்ணெய் பிரிந்தது. துண்டுகளைப் போட்டேன், சுண்டியது. கடைசியில் உப்பு பார்க்கவேண்டிய இடத்துக்கு வந்து நின்றுவிட்டேன். எவ்வளவு போடுவது? ருசி பார்க்காமல் போட முடியாது. முருகேசன் களத்துத் திட்டில் உட்கார்ந்திருந்தார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி அவர் பக்கம் நீட்டினேன்.

"ஏனுங்க, உப்பு மட்டும் பாருங்களேன்."

"சனிக்கெழம புள்ள" என்றார்.

என் வீட்டுக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், நான் சொல்லிக்கொண்டிருந்தது போலவே. ஆனால் கரண்டியை நீட்டுகிறவரின் பக்கத்திலிருந்து அந்த வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன். கை நீட்டியபடியே நின்றது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு மண்ணில் விழுந்தது. சார் மறந்துபோய்க் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஒரு முறையாவது வாங்கிக்கொள்வாளா என்றுதான் ஒவ்வொரு முறையும் நீட்டியிருக்கிறார். மறுத்தபோதெல்லாம் நான் சங்கடப்படக் கூடாது என்று மறந்த மாதிரி அட ஆமா சொல்லியிருக்கிறார்.

உள்ளங்கையில் விட்டுக்கொண்டு நக்கினேன். முருகேசன் எழுந்து நின்றுவிட்டார். உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. போட்டுக் கிளறி, இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு ஒரு துண்டையும் எடுத்து வாயில் போட்டேன்.

நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அது நாறியிருக்கலாம், ரப்பராக இருந்திருக்கலாம், குமட்டியிருக்கலாம். அப்படி இருந்திருந்தால், இதற்குத்தானே சார் நாங்கள் ஓடினோம் என்று சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். பல்லில் லேசாக நின்று, பிறகு கரைந்து, தக்காளிப் புளிப்பும் எங்கள் மிளகுக் காரமும் கடல் வாசனையுமாகத் தொண்டையில் இறங்கியது. இதையா அந்த மனிதர் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்?

சாயங்காலம் துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுபோகும்போது சட்டியையும் கொண்டுபோனேன். பள்ளியிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். இது சார் கேட்ட விருந்து, துப்பினாலும் பரவாயில்லை என்றுதான் கூப்பிட்டார் என்று சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் வைத்தேன். யாரும் துப்பவில்லை. பின்வராந்தாவில் முழங்காலோடு முழங்கால் இடித்தபடி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். அறிவியல் சார் தன்னை மறந்து, "நொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டுத் தட்டைப் பார்த்தார். அவரும் ஜன்னல் திறந்தவர்தான். அதற்கப்புறம் மெதுவாகத் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஸ்டெல்லாவுக்கு நான் வைக்கவில்லை. அவரே வந்து தட்டை நீட்டினார். ஒரு துண்டை வாயில் வைத்து, வெகுநேரம் மென்றார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். "இதையாங்க நான் இத்தன வருஷமா ஊட்டுக்குள்ள விடாம வெச்சிருந்தேன்?" என்றார். சாரின் தம்பி தட்டிலிருந்து நிமிர்ந்தார். "அண்ணன் வைக்க மாதிரியே இருக்கு மதினி. உப்புதான் ஒரு கல்லு கூடிட்டு." அந்த வீட்டில் அன்றைக்கு முதலில் சிரித்தவர் ஸ்டெல்லாதான். பிறகு எல்லாரும் சிரித்தோம். சிரித்தபோதும் எனக்கு உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. இந்தச் சிரிப்பை, இந்த நெருக்கியடித்து உட்காருவதை, தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்பதை அவர் ஒரே ஒரு சனிக்கிழமை பார்த்திருக்கலாம்.

பள்ளி திறந்துவிட்டது. அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. விளையாட்டுப் பீரியடையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று தலைமையாசிரியை சொன்னார். எடுத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். நான் கோடு போட்டேன், அது கோணலாகத்தான் வந்தது. பிள்ளைகள் என்னை நம்பாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு பந்து உருண்டு எஸ்டேட்டுக்குள் போனது, அவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். திருப்பித் தருவதாகச் சொன்ன பீரியட் அது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் கொடுத்தேன்.

சனிக்கிழமை விரதத்தை நான் விட்டுவிடவில்லை. அன்றைக்கு நாக்கில் பட்டதற்குச் சேர்வராயன் சாமியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வியாகுலம் சாரிடம் போய்ச் சொல்லத்தான் வழியில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். இப்போதெல்லாம் யாராவது கரண்டியை நீட்டி உப்பு பார்க்கச் சொன்னால் முதலில் உள்ளங்கையை நீட்டிவிடுகிறேன். என்ன கிழமை என்று அதற்கப்புறம்தான் பார்க்கிறேன்.